நாலு நொடி டிராம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஏழுமலை இருக்கிற திக்கைப் பார்த்து நின்று, கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இந்தக் கதையில் வரும் டிராம் மெட்ராஸ் தண்டவாளத்தில் ஓடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் என்னால் ஆணையிட முடியாது.

நகரி டூரிங் டாக்கீஸில் செங்கல்வராயன் எழுந்து நின்றதுதான் முதல் கோளாறு.

அதுவரை ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது சாதாரணக் காரியமில்லை. சினிமாவில் கதாநாயகி அழுதால் கொட்டகையே அழும். இவன் மட்டும், அவள் சாய்ந்து அழுகிற சுவர் எழும்பூரில் எந்தத் தெருவில் இருக்கிறது, மூன்றாவது தூணில் காரை எவ்வளவு பெயர்ந்திருக்கிறது என்று பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். ராஜா யுத்தத்துக்குக் கிளம்பினால், அது சந்திரகிரிக் கோட்டை என்பான். ராஜா இறங்கி வரும் அதே படியில் உட்கார்ந்து தான் புளிச்சோறு தின்றதை எடுத்துவிடுவான். படத்தில் டிராம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எந்த ஷெட்டில் புறப்பட்டது, எந்த முனையில் திரும்பும், டிரைவர் காலால் மணியை மிதிக்கிற பக்குவம் என்ன என்று, டிராம் போய் வில்லன் வந்து சாகிற வரைக்கும் சொல்வான்.

பட்டணத்தில் டிராம் நின்று அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. வேலை போய் ஊர் திரும்பிய கண்டக்டர் என்று அவன் சொன்னான். அவன் சொன்னதால் ஊரும் சொன்னது.

அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கோவர்த்தனன். அவருடைய மகள் சுலோசனாவைத்தான் செங்கல்வராயன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். சுலோசனாவுக்கும் ஆசைதான். அவள் அம்மா சுந்தரம்மாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. குறுக்கே நின்றது கோவர்த்தனன்கூட இல்லை, ருசு என்கிற அத்தாட்சி.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த நாள்முதல் நகரிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் கிடந்தது. ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி மனுப்போடும் கமிட்டிக்குக் கோவர்த்தனன் காரியதரிசி. கோயில் கல்வெட்டைப் படியெடுத்து, வீடு வீடாகப் போய் இன்ன மொழி என்று கணக்கெழுதி, எதையும் மூன்று பிரதி எடுத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பழகியதில், ருசு இல்லாத வஸ்து அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. குழம்பில் உப்பில்லை என்று தோன்றினால்கூட இரண்டு பேரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சுந்தரம்மாவிடம் வாயைத் திறப்பார்.

மொழிக் கணக்கில் அவருக்கு ஒரே ஒரு சங்கடம் வந்தது. 'வீட்டில் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்' என்று ஒரு கட்டம். சுலோசனாவோ தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. கோவர்த்தனன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, தன் வீட்டுக்கு நேரே 'எவருமில்லை' என்று எழுதினார். ஊர் நன்மைக்காக ஒரு பெண்ணை மறைப்பது தப்பில்லை என்பது அவர் வாதம். சுலோசனா அதைப் படித்துப் பார்த்து, கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். தமிழில்தான்.

இப்படிப்பட்டவரிடம் செங்கல்வராயன் பெண் கேட்டுப் போனபோது அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார். "பட்டணத்துலேர்ந்து திரும்பி வந்தவன் ஒருத்தனாவது நான் அங்க சும்மா குந்திகினு இருந்தேன்னு சொல்லிகீறானா? நீ கண்டக்டருன்றதுக்கு இன்னா ருசு?"

தொப்பி, பை, பித்தளை வில்லை எல்லாவற்றையும் கடைசி நாள் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அது போதவில்லை. வாய் சும்மா இருக்காமல், தான் ஒரு சினிமாவில் வருவதாகச் சொல்லிவிட்டான். அதில் கதாநாயகன் ஒரு டிராமைத் துரத்துவான். அந்த டிராமில் நிற்கிற கண்டக்டர் இவன்தான். புத்தூரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது முதுகைக் கண்டதுமே அடையாளம் தெரிந்துவிட்டதாம். மொத்தம் நாலு நொடி.

அந்தப் படம்தான் நகரிக்கு வந்திருந்தது. ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்த காப்பி. தலைப்பு எழுத்தெல்லாம் எங்கேயோ அறுந்துபோய், நேராகக் கதாநாயகியின் அம்மா இருமுவதிலிருந்துதான் தொடங்கும்.

டிராம் வந்தது. "அதோ" என்று செங்கல்வராயன் எழுந்து விரலை நீட்டினான். பின்னாலிருந்து வந்த வெளிச்சம் முழுக்க அவன் மண்டையில் விழுந்தது. திரையில் டிராமைக் காணோம். பனங்காய் மாதிரி ஒரு தலையும், அதற்குப் பக்கத்தில் உலக்கை மாதிரி ஒரு விரலும் நின்றன. பின்வரிசை போட்ட கூச்சலில் அவன் உட்காருவதற்குள் டிராம் போய்விட்டது.

கோவர்த்தனன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். 'டிராம் காணப்படவில்லை. கட்சிக்காரரின் தலை காணப்பட்டது.'

மறுநாள் காலையில் செங்கல்வராயன் ஒரு கூடை மாம்பழத்தோடு கொட்டகை ஆபரேட்டர் பாலசுந்தரத்திடம் போனான். டிராம் வரும் இடத்தில் படத்தைக் கொஞ்சம் நிறுத்திக் காட்ட முடியுமா என்று கேட்டான். நிறுத்துவதற்கு இது மாட்டு வண்டி இல்லை என்றார் பாலசுந்தரம். செங்கல்வராயன் கூடையின் மேலிருந்த துணியை விலக்கினான். பழங்களைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி என்றால் பார்க்கலாம் என்றார் பாலசுந்தரம்.

அன்று மாலை டிராம் சரியான இடத்தில் நின்றது. இரண்டு பெட்டி கோத்த டிராம். முதல் பெட்டியின் வாசலில் தொப்பி போட்ட ஒருவர் பாதி திரும்பியிருந்தார். கோவர்த்தனன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். அந்த முகத்தின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. அது வடையளவு ஆயிற்று. தட்டளவு ஆயிற்று. ஓரமெல்லாம் குமிழி விட்டு, கண்டக்டர், டிராம், பட்டணம் எல்லாம் சுருண்டு, திரை வெள்ளையாக நின்றது. கொட்டகையில் கருகல் வாடை அடித்தது. ஜனங்கள் இது தந்திரக் காட்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பாலசுந்தரம் எரிந்த இடத்தை வெட்டி ஒட்டினார். அதன் பிறகு கதாநாயகன் தெருவில் ஓட ஆரம்பித்த அடுத்த கணமே கதாநாயகியின் கட்டிலில் வந்து விழுந்தான். படம் இன்னும் பத்து நாள் கூடுதலாக ஓடியது.

"ருசுவை நீயே கொளுத்திட்டயேப்பா" என்றார் கோவர்த்தனன். "பட்டாவைக் கொளுத்திட்டுப் போயி நின்னா எல்லைக் கமிஷன்காரன் ஊரைக் குடுத்துருவானா?" பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, டிராமுக்கு ஏன் இரண்டு பெட்டி, தான் பார்த்த காலத்தில் ஒன்றுதானே என்று கேட்டார்.

"அறுபத்து மூவர் உற்சவம் மாமா. கூட்டம் தாங்காது. ஒட்டுப் பெட்டி போடுவாங்க" என்றான் செங்கல்வராயன்.

அந்த வாரமே ராமகுப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பட்டுப்பூச்சி ஆபீஸில் குமாஸ்தா. பையனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய வேலை உத்தரவு ரப்பர் ஸ்டாம்போடு முன்னாலேயே வந்து சேர்ந்தது. கோவர்த்தனன் அந்த ஸ்டாம்பை முகர்ந்து பார்த்தார் என்றும், பிறகு மடித்துப் பூஜை மாடத்தில் வைத்தார் என்றும் சுந்தரம்மா சொன்னாள். ஆவணியில் முகூர்த்தம் பார்ப்பதாகப் பேச்சு. செங்கல்வராயன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற சுலோசனாவை ஏரிக்கரையில் மறித்து, எல்லாம் எரிந்துவிட்டது என்றான்.

அவள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அதே படத்தைத் தெலுங்கிலும் எடுத்திருப்பதாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் அப்படி ஒரே செலவில் இரண்டு பாஷையில் எடுப்பார்கள். டிராம் எந்தப் பாஷையும் பேசாததால் அதைத் திரும்ப எடுத்திருக்க மாட்டார்கள். தெலுங்குப் படம் திருப்பதியில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் காப்பி.

ஆனால் எல்லை தீர்கிறவரைக்கும் தெலுங்கு சினிமா தன் காதில் விழாது என்று கோவர்த்தனன் கமிட்டி முன்னால் சபதம் செய்திருந்தார். மூன்று பிரதி.

"காதுலதான நைனா விழக்கூடாது?" என்றாள் சுலோசனா, அன்று ராத்திரி அவரிடம்.

கோவர்த்தனன் அந்தத் தீர்மானத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். கண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சுலோசனாவே பஞ்சைத் திரித்து நாலு அடைப்பு செய்து வைத்தாள். இரண்டு காதுக்கு, இரண்டு உபரி.

ஒரு சனிக்கிழமை மூவரும் ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறினார்கள். ரேணிகுண்டாவில் மாறித் திருப்பதி சேர்ந்து, மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மத்தியான ஆட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். சாமி பார்க்க வந்த இடத்தில் படம் பார்த்ததாக ஆகவேண்டும் என்பது கோவர்த்தனன் ஏற்பாடு. டாக்கீஸ் வாசலிலேயே பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டார். விளக்கு அணைந்து திரையில் தெலுங்கு எழுத்து ஓடத் தொடங்கியதும், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். செங்கல்வராயனுக்குத் தெலுங்கு பேச வரும். எழுத்து ஜிலேபி மாதிரிதான். அவன் வாயில் நகத்தோடு காத்திருந்தான். சுலோசனா மட்டும் ஒழுங்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் என்றாள்.

இந்தத் தடவை செங்கல்வராயன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான். டிராம் வந்தால் காலை மிதிப்பது என்று பேசிவைத்திருந்தார்கள்.

டிராம் வந்தது. பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்புப் பாலம். செங்கல்வராயன் மிதித்தான். கோவர்த்தனன் கண்ணாடிக்குள் கண்ணை அகலத் திறந்தார். தொப்பிக்காரர் பாதி திரும்பினார். முக்கால் திரும்பவில்லை. அதற்குள் பின்பெட்டிப் படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள், தலையில் துண்டு கட்டி, கக்கத்தில் குடை இடுக்கி, கண்டக்டர் தன் பக்கம் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஓடுகிற டிராமிலிருந்து குதித்து, தடுமாறி, திரும்பிப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினான்.

"ஐயையோ, நானு" என்றார் கோவர்த்தனன்.

முணுமுணுத்ததாகத்தான் அவர் நினைத்தார். காதில் பஞ்சு இருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியவில்லை. நாலணா வகுப்பிலிருந்து பால்கனிவரை திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்த ஒரு பெரியவர், "ஊருகோண்டி" என்று தெலுங்கில் சத்தத்தை அடக்கச் சொல்லி அதட்டினார். அதுவும் கோவர்த்தனன் காதில் விழவில்லை.

படம் முடிந்து, காப்பி ஓட்டலில் சுலோசனா கைகழுவப் போன நேரத்தில் அவர் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார். செங்கல்வராயனிடம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஐம்பத்தொன்றில் சுந்தரம்மாவுக்கு விஷக்காய்ச்சல். பிழைத்தால் திருப்பதிக்கு நடந்துபோய் மொட்டை போடுவதாக அவளிடமே வாக்குக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். இவர் திருப்பதி என்று சொல்லிக் கிளம்பி, எதிர்த்திசை ரயிலில் ஏறிப் பட்டணம் போய், கிண்டியில் குதிரைப் பந்தயம் பார்த்தார். திரும்பும்போதுதான் பயம் வந்தது. ருசு வேண்டுமே. மூர் மார்க்கெட் ஓரத்தில் மொட்டை அடித்துக்கொண்டு, ஒரு மிட்டாய்க் கடையில் லட்டு நாலு வாங்கிக்கொண்டார். அதோடு கை காலி. டிராமுக்குச் சல்லி இல்லை. துண்டால் மொட்டையை மறைத்துக்கொண்டு படியில் தொங்கியவர், கண்டக்டரைக் கண்டதும் குதித்தார்.

"அந்த லட்டை அவ கண்ணுல ஒத்திகினு துன்னா செங்கல்வராயா. ஊருக்கே கிள்ளிக் கிள்ளிக் குடுத்தா" என்றார். "இந்தப் படத்தை அவ பாத்தான்னு வெச்சுக்கோ, நான் எந்தக் கமிஷன்ல போயி நிக்கறது?"

செங்கல்வராயன் டம்ளரைக் கீழே வைத்தான். இந்த இடத்தில் சாதாரண ஆளாக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா" என்றான். "டிக்கெட்டு டிக்கெட்டுன்னு நான்தான உங்க பக்கம் வந்துகினு இருந்தேன். மொட்டைத் தலை, கக்கத்துல குடை. பெரியவராச்சே, போவட்டும்னு விசில் ஊதாம வுட்டுட்டேன்."

கோவர்த்தனன் அவனை நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்குள் இருந்த மொட்டையை அறிந்தவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ கண்டக்டருதாம்பா" என்றார்.

நோட்டை எடுத்து, 'கண்டக்டர் என்பது ருசுவாகிவிட்டது' என்று எழுதினார். எப்படி ருசுவாயிற்று என்று எழுதவேண்டிய வரியில் பேனா நின்றது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் காப்பி டம்ளரில் போட்டார்.

ராமகுப்பத்து வேலை உத்தரவு, இரண்டே பிரதிதான் இருக்கிறது என்ற காரணத்தால் தபாலில் திரும்பிப் போயிற்று. ஆவணியில் அதே முகூர்த்தத்தில் செங்கல்வராயனுக்கும் சுலோசனாவுக்கும் கல்யாணம். மாமனாரும் மருமகனும் பந்தலில் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சாட்சி.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நகரிக் கொட்டகையில் ஓட்டையான தமிழ்க் காப்பியைப் படக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொண்டு, ஐப்பசியில் தெலுங்குக் காப்பியை அனுப்பிவிட்டது. மாட்டு வண்டியில் தப்பு அடித்துக்கொண்டு நோட்டீஸ் வந்த அன்றே சுந்தரம்மா கல்யாணப் புடவையை வெயிலில் போட்டாள். மாப்பிள்ளை வருகிற படத்தை மாமியார் பார்க்காவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றாள்.

கோவர்த்தனன் அவசரமாகக் கமிட்டியைக் கூட்டி, எல்லைப் பிரச்சினையை முன்னிட்டு ஊரார் யாரும் அந்தப் படத்துக்குப் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார். அதுவரை அப்படி ஒரு படம் வந்திருப்பதே பாதி ஊருக்குத் தெரியாது. தீர்மானம் போடுகிற அளவுக்குப் படத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க அன்று சாயங்காலமே எட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். திரும்பி வந்தவர்கள் கோவர்த்தனனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கலவரமாக இருந்தது. தன் கையாலேயே ஒரு கூடை பழம் எடுத்துப்போய், டிராம் காட்சியை வெட்டிவிடும்படி பாலசுந்தரத்தைக் கெஞ்சினார். ஒரு கூடைக்குத் தாம் ஏற்கெனவே ஒரு பட்டணத்தை எரித்தாகிவிட்டது, இனி முடியாது என்று அவர் கூடையைத் திருப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் சுந்தரம்மா தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, வண்டி கட்டச் சொல்லிவிட்டு உள்ளே தாம்பூலத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் மாமனாரும் மருமகனும் தலையோடு தலை முட்டும்படி உட்கார்ந்திருந்தார்கள். கோவர்த்தனன் முகத்தில் ரத்தமில்லை. முப்பது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவள், துண்டு கட்டினால் மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று கேட்டார்.

"பயப்படாதீங்க மாமா. டிராம் வர்ற நேரத்துக்கு நான் எழுந்து நின்னுடறேன்" என்றான் செங்கல்வராயன். "என் தலை போதும். நகரியில ஏற்கெனவே ருசுவாயிருக்குது."

கோவர்த்தனன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தெலுங்குக் காப்பி நோட்டுகளைத் திருத்தியபடி கதவோரம் உட்கார்ந்திருந்த சுலோசனா, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"யாரும் எழுந்து நிக்க வேணாம். நம்ம வீட்ல தெலுங்கு படிக்கத் தெரிஞ்சவங்க எவருமில்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களேன்னுதான் திருப்பதியில அன்னிக்கு நான் வாயத் தொறக்கல நைனா. டிராம் காட்சியெல்லாம் கல்கத்தாவுல எடுத்ததுன்னு படம் ஆரம்பிக்கும்போதே எழுத்துப் போட்டான்."